காரைப் பார்க்குமுன் வீட்டு ஒயரைப் பாருங்கள்: தோட்டப் பட்டணத்தில் பிளக்-இன் ஹைப்ரிட் எஸ்யூவி

கெடாவின் பாடாங் செராய் பட்டணத்துக்குப் பக்கத்தில், பாடாங் மெஹாவில் இருக்கிறது இனோகோம் கார் ஆலை. மலேசியாவில் விற்கும் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 பிளக்-இன் ஹைப்ரிட் அங்கேதான் பாகம் பாகமாகப் பூட்டி உருவாக்கப்படுகிறது. கார் பிறக்கும் இடம் கைக்கெட்டும் தூரம். ஆனால் அதைச் சார்ஜ் செய்யப்போகும் வீடு பெரும்பாலும் நாலு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு சோற்றுக் குக்கர் என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்த வீடு. இந்த வகைக் காரை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படும் தொல்லை அனேகமாகச் சுவரில்தான் தொடங்குகிறது. அதனால் இந்தக் குறிப்பில் காருக்குக் கொடுக்கும் இடத்தைவிடச் சுவருக்குக் கொடுக்கும் இடம் அதிகம்.

உள்ளே என்ன இருக்கிறது

பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் ஒரே உடம்பில் இரண்டு வண்டி. எஞ்சின், கியர்பெட்டி, எண்ணெய்த் தொட்டி எல்லாம் முழு அளவில் உண்டு. கூடவே ஒரு மின்மோட்டாரும், சுவரில் பிளக் போட்டு நிரப்பும் பெரிய பேட்டரியும் உண்டு. சாதாரண ஹைப்ரிட்டின் பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்தான் பிடிக்கும். பிரேக் பிடிக்கும்போது அதுவே நிரம்பிக்கொள்ளும். இதில் பெரும்பாலும் 15 முதல் 30 யூனிட் வரை பிடிக்கும். யூனிட் என்பது மின்சாரப் பில்லில் வரும் அதே கிலோவாட் மணிதான்.

இரண்டு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமைப்பு புரியும். எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்45இ வண்டியில் 3.0 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ எஞ்சின். அது 286 குதிரைசக்தி. 113 குதிரைசக்தி மின்மோட்டார் 8 வேக கியர்பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 394 குதிரைசக்தி, 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பேட்டரி 24 யூனிட்; அதில் 21 யூனிட் அளவுக்குத்தான் நாம் பயன்படுத்த விடுவார்கள், மிச்சம் பேட்டரியின் ஆயுளைக் காக்க ஒதுக்கியது. அடுத்து வந்த எக்ஸ்டிரைவ்50இ வண்டியில் பேட்டரி 29.5 யூனிட் (பயன்பாட்டுக்கு 25.7), சக்தி 489 குதிரை, 700 நியூட்டன் மீட்டர்.

வோல்வோ எக்ஸ்சி90 டி8 வேறு வழியில் போகிறது. முன்னால் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் இழுக்கும். பின்னால் 145 குதிரைசக்தி மின்மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் தள்ளும். நடுவில் இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது. தண்டு போகவேண்டிய சுரங்கத்தில்தான் பேட்டரி படுத்திருக்கிறது. 2022 மாடல் முதல் அந்தப் பேட்டரி 18.8 யூனிட், பயன்பாட்டுக்கு 14.9.

இந்த வித்தியாசம் காகிதத்தோடு நிற்பதில்லை. எக்ஸ்5-இல் மோட்டார் கியர்பெட்டிக்குள் இருப்பதால் மின்சாரத்தில் மட்டும் ஓடும்போதும் நாலு சக்கரமும் இழுக்கும். எக்ஸ்சி90-ஐ ‘பியூர்’ முறையில் ஓட்டினால் அது பின்சக்கர வண்டி. மழை விட்ட செம்மண் மேட்டில் இதை மறந்தவர் பின்சக்கரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே தொடர் நாலுசக்கர முறைக்கு மாற்றவேண்டும். மாற்றியதும் எஞ்சின் எழுந்துகொள்ளும், அது பழுதில்லை. பதிலுக்கு எக்ஸ்சி90-இல் 7 இருக்கை மிஞ்சுகிறது. எக்ஸ்5 பிளக்-இன் வண்டிக்கு மூன்றாவது வரிசையே இல்லை, பின்பெட்டியும் 650 லிட்டரிலிருந்து 500-க்குச் சுருங்கிவிட்டது. தாத்தா பாட்டியோடு கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும் குடும்பம் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும். சாலை வரி எஞ்சினின் சிசி கணக்கில்தான் வரும், ஆகவே 3.0 லிட்டருக்கும் 2.0 லிட்டருக்கும் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. சுவரில் மாட்டும் ‘சார்ஜர்’ பெட்டி உண்மையில் சார்ஜர் இல்லை, பாதுகாப்பான ஒரு சுவிட்ச். மாறுமின்னோட்டத்தை (ஏசி) நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. 45இ-யின் சார்ஜர் 3.7 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது, 50இ 7.4 கிலோவாட் எடுக்கும். 45இ வாங்கிவிட்டு 22 கிலோவாட் பெட்டி மாட்டினால் பெட்டிக்குக் கொடுத்த காசுதான் பெரிது, நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இருக்கும் நேர்மின் வேகச் சார்ஜர் இந்த இரண்டு எக்ஸ்5-க்கும் எக்ஸ்சி90-க்கும் பொருந்தாது. மெர்சிடிஸ் ஜிஎல்சி 350இ போன்ற சில வண்டிகளில் மட்டும் அந்த வசதி உண்டு.

சுவர்ப் பக்கம்

காரோடு வரும் கையடக்கக் கேபிளில் மூன்று முனைப் பிளக் இருக்கும். அதைப் பார்த்ததும் ‘குளிர்பெட்டி மாதிரி சொருகிவிட்டால் போச்சு’ என்று தோன்றும். குளிர்பெட்டி எப்போதாவது ஒரு ஆம்பியர் இழுக்கும். இது 10 ஆம்பியரை 10 மணி நேரம் விடாமல் இழுக்கும். 13 ஆம்பியர் சாக்கெட் கெண்டிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் செய்தது. சில நிமிடம் முழுச் சுமை, பிறகு ஓய்வு என்பதுதான் அதற்குப் பழக்கம்.

என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். சாக்கெட்டின் பின்னால் ஒயரை இறுக்கும் பித்தளைத் திருகு இருக்கிறது. இரவெல்லாம் சூடாகி, பகலெல்லாம் ஆறி, நாளடைவில் அது கால் சுற்று தளரும். தளர்ந்த இடத்தில் தொடர்பு குறையும், அங்கே சூடு கூடும், கூடிய சூட்டில் இன்னும் தளரும். முதலில் தெரிவது மணம்: புதுப் பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்த மாதிரி. பிறகு லைவ் முனைத் துளையைச் சுற்றி டீத்தூள் நிறத்தில் ஒரு வளையம். வளையம் வந்துவிட்டால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

சோதனை எளிது. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் முதுகில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. பத்து விநாடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். நிறுத்துவது காரின் திரையிலோ, காரில் சொருகிய துப்பாக்கிப் பிடியைக் கழற்றியோ. சுவரிலிருந்து பிளக்கைச் சட்டென்று இழுத்தால் பொறி பறக்கும், முனை கரியும். நீட்டிப்பு ஒயர் வேண்டவே வேண்டாம். சுருளாகச் சுற்றிய நீட்டிப்பு ஒயர் தன் சூட்டிலேயே வேகும்.

ஒழுங்கான வழி, மெயின் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி ஒயர். சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். ‘நானும் ஒயர் வேலை செய்வேன்’ என்று சொல்லும் ஆள் எல்லாப் பட்டணத்திலும் உண்டு. விளக்குக்கு அவர் போதும், இதற்கு வேண்டாம். 3.7 கிலோவாட்டுக்கு 16 ஆம்பியர் போகும்: 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே தட்டும் சுவிட்ச்). 7.4 கிலோவாட்டுக்கு 32 ஆம்பியர்: 6 சதுர மில்லிமீட்டர், 40 ஆம்பியர் எம்சிபி, கார் நிற்கும் இடம் மெயின் பெட்டியிலிருந்து 20 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மில்லிமீட்டருக்குப் போய்விடுங்கள். சுவர்ப் பெட்டிக்குச் செலவழிக்க மனமில்லாதவர், கையடக்கக் கேபிள் 16 ஆம்பியர் நீலநிறத் தொழிற்சாலைப் பிளக்கோடு கிடைக்குமானால் அதை வாங்கி, அதே நிறச் சாக்கெட்டை மாட்டிக்கொள்ளலாம். தடித்த உருண்டை முனை, மூடியும் உண்டு. மணிக்கணக்கில் சுமை தாங்கச் செய்தது.

கசிவு மின்னைக் கண்டு தட்டிவிடும் ஆர்சிசிபி பற்றி ஒயர்மேனிடம் கட்டாயம் பேசுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ‘ஏசி’ வகை. காரின் சார்ஜரில் பழுது வந்தால் நேர்மின்னோட்டம் கசியலாம். அந்தக் கசிவு ஏசி வகை ஆர்சிசிபியின் காந்தச் சுற்றை மந்தமாக்கிவிடும். பிறகு வீட்டில் வேறு யாருக்காவது ஷாக் அடித்தாலும் அது தட்டாமல் போகலாம். அதனால் இந்தத் தனி ஒயருக்கு 30 மில்லியாம்பியர் ‘பி’ வகை வேண்டும். சுவர்ப் பெட்டியிலேயே 6 மில்லியாம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ‘ஏ’ வகை போதும். பெட்டியின் விவரத்தாளில் இது எழுதியிருக்கும். எழுதாத பெட்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

அடுத்து எர்த். மலேசியாவில் வீட்டு எர்த் என்பது நம் வீட்டு வாசலில் அடித்த செம்புக் கம்பிதான், மின்கம்பத்திலிருந்து வருவதில்லை. செம்மண் தரையில் அடித்த கம்பி மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்யும். கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மண் வறளும்போது அதன் தடை ஏறிவிடும். நவம்பரில் ஒழுங்காகச் சார்ஜ் ஆன கார் பிப்ரவரியில் சிவப்பு விளக்குக் காட்டி ‘எர்த் இல்லை’ என்று அடம்பிடித்தால், காரைப் பட்டறைக்கு அனுப்புமுன் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குள் இருக்கவேண்டும். ஏறியிருந்தால் இரண்டாவது கம்பியை முதல் கம்பியிலிருந்து குறைந்தது ஒரு கம்பி நீளம் தள்ளி அடித்து இரண்டையும் இணைத்தால் இறங்கும். வாழைமரத்தடி, கழுவுதண்ணீர் போகும் ஓரம் நல்ல இடம். கம்பியின் தலையில் உள்ள கிளாம்பு துருப்பிடித்திருந்தாலே இதே பழுது வரும். முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள்.

மொத்தச் சுமையையும் கூட்டிப் பாருங்கள். ஒற்றை பேஸ் வீட்டுக்கு 12 கேவிஏ (ஏறக்குறைய 12 கிலோவாட்) தான் எல்லை. சுடுதண்ணீர்ப் பெட்டி 3.6 கிலோவாட், இரண்டு ஏர்கோன் சேர்ந்து 2, கெண்டி 2, இதோடு 7.4 சேர்ந்தால் 15. மெயின் தட்டும். எங்கள் கருத்து: ஒற்றை பேஸ் வீட்டில் 50இ நின்றாலும் 16 ஆம்பியரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியுமுன் நிறைந்துவிடும், யாருக்கும் அவசரமில்லை. மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் தோட்ட வீடுகளில் மாலை ஏழு மணிக்கு வோல்ட் இறங்குவதும் உண்டு. நியமப்படி 230-க்கு மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை, அதாவது 216 வோல்ட் வரை இருக்கலாம். அதற்கும் கீழே போனால் கார் தானே ஆம்பியரைக் குறைக்கும், அல்லது விட்டுவிட்டுச் சார்ஜ் ஆகும். சுமையோடு அளந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு தெனாகா நேஷனல் மின் நிறுவனத்திடம் புகார் செய்யலாம்.

கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஒயர் இழுக்குமுன் தோட்ட ஆபீஸில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீடு கம்பெனியுடையது, மீட்டரும் சில இடங்களில் கம்பெனியுடையது. பழைய லயத்து வீட்டு ஒயரில் காரை மாட்டவே கூடாது.

காசுக் கணக்கு

45இ-யின் காலிப் பேட்டரியில் 21 யூனிட் ஏற்றச் சுவரிலிருந்து 24 யூனிட் போகும்; மிச்சம் சூடாகக் கழியும். 2025 ஜூலையில் வந்த கட்டணத்தில் மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சாரம், கொள்ளளவு, வலைப்பின்னல் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். ஆக ஒரு முழுச் சார்ஜ் 10 வெள்ளி (ரிங்கிட்) 66 சென். ஏர்கோன் போட்டு நம் வெயிலில் 65 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள்.

அதே 65 கிலோமீட்டரைப் பேட்டரி தீர்ந்த நிலையில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் கணக்கில் ஓட்டினால் 6.5 லிட்டர். மானிய விலை ரான்95 பெட்ரோலான புடி95-இன் 1.99 வெள்ளிக் கணக்கில் 12 வெள்ளி 94 சென். வித்தியாசம் இரண்டு வெள்ளி சொச்சம். மானியமில்லாத ரான்97 பெட்ரோல் போடுபவருக்கு லிட்டர் 3.20 என்று வைத்தால் 20 வெள்ளி 80 சென். அப்போது சார்ஜ் பாதி விலை. மானிய எண்ணெய் போடுகிறவர் ‘மிச்சம் பிடிக்கிறேன்’ என்று இந்த வண்டியை வாங்கவேண்டாம். சத்தமில்லாமல் ஓடுவதற்கும், பட்டணத்துக்குள் எஞ்சினே எழாமல் போய்வருவதற்கும் வாங்கலாம்.

நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாமா? வாரநாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. மலிவு நேரத்தில் யூனிட்டுக்கு 2.6 சென் குறையும், ஒரு முழுச் சார்ஜுக்கு 60 சென் அளவு. ஆனால் மத்தியானம் முழுக்க ஏர்கோன் ஓடும் வீட்டில் அந்த 60 சென் உச்ச நேரத்திலேயே போய்விடும்.

ஓட்டும்போது

பாடாங் செராயிலிருந்து கூலிம், லூனாஸ், சுங்கை பட்டாணி எல்லாம் மின்சாரத்திலேயே போய் வரலாம். பினாங்குத் தீவுக்குப் போய்த் திரும்பும் அன்றைக்குத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்5-இல் வழிகாட்டியில் போகுமிடத்தைப் போட்டு ‘ஹைப்ரிட்’ முறையில் விட்டால், நெடுஞ்சாலையில் எஞ்சினையும் ஊருக்குள் மின்சாரத்தையும் அதுவே பிரித்துக்கொள்ளும். எக்ஸ்சி90-இல் ‘ஹோல்ட்’ பொத்தானை நெடுஞ்சாலையில் அழுத்தி, பாலம் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். எஞ்சினால் பேட்டரியை நிரப்பும் ‘சார்ஜ்’ முறையைத் தொடாதீர்கள். எண்ணெயை எரித்து மின்சாரம் செய்து, அதை மறுபடி சக்கரத்துக்கு அனுப்பும்போது இரண்டு இடத்தில் நட்டம்.

கோலாலம்பூருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். முதல் ஒரு மணி நேரத்தில் பேட்டரியைத் தீர்த்துவிட்டால் மீதி வழி முழுக்க இரண்டரை டன் பெட்ரோல் வண்டியைத்தான் ஓட்டுவீர்கள். 30 சதவீதம் பிடித்து வைத்து, கோலாலம்பூர் நுழைவில் ஜாலான் டூத்தா நெரிசலில் செலவழியுங்கள்.

கெந்திங் மாதிரி மலையில் தங்கி மேலேயே சார்ஜ் செய்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். நிறைந்த பேட்டரியில் இறக்கத்து மின்சாரத்தை ஏற்றிக்கொள்ள இடமில்லை. அப்போது மோட்டார் பிடித்து நிறுத்தும் பலம் குறைந்து, எடை முழுவதும் பிரேக் கட்டைமேல் விழும்.

கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன், பிளக் சுவரில் இருக்கும்போதே ஏர்கோனைப் போனிலிருந்து போட்டுவிடுங்கள். வெயிலில் வெந்த காரைக் குளிரவைக்கும் முதல் சுமை அப்போது சுவரிலிருந்து போகும்.

எண்ணெய் நிலையத்தில் ஒரு சின்ன விஷயம். எஞ்சின் நாள்கணக்கில் ஓடாததால் எண்ணெய் ஆவி தொட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். கதவுப் பக்கத்துப் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கியது என்று திரை சொன்ன பிறகுதான் மூடி திறக்கும். சில விநாடி ஆகும். நெம்பித் திறந்தால் உடையும்.

தோட்டச் சாலையில்

செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள்ளைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெட்டிப்போட்ட மட்டையை வண்டி ஓரமாக ஏறினால் முள் டயரின் பக்கச் சுவரில் இறங்கும். பக்கச் சுவரில் ஓட்டை போட்டால் பஞ்சர் ஒட்டமுடியாது, டயர் போச்சு. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு மாற்றுச் சக்கரமும் இல்லை. சிலவற்றில் அந்த இடத்தைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. ரன்ஃபிளாட் டயர் இருந்தால் காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். அது தார்ச்சாலைக் கணக்கு. ஜல்லி ரோட்டில் அதில் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

சேற்றில் மாட்டினால் டிராக்டர் வரும், கயிறு வரும். முன்பம்பர் மூடிக்குள் திருகும் இழுவை வளையத்தில் மட்டும் கட்டி, நியூட்ரலில் வைத்து, சில மீட்டர் மட்டும் இழுத்து வெளியே எடுங்கள். அதற்குமேல் சக்கரம் தரையில் உருளும்படி இழுத்துக்கொண்டு போகக்கூடாது. உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும், உள்ளே இருக்கும் மின்னணுப் பாகம் எரியும். பட்டறைவரை தட்டு லாரிதான்.

வெள்ளம் வந்து தரைத்தளம் நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகிறதே என்று பிளக்கைச் சொருகாதீர்கள். பேட்டரிப் பெட்டி அடைப்பானது, ஆனால் இணைப்பு முனைகளில் சேறு இருந்தால் காப்புப் பழுது, அதாவது மின்கசிவு, வரும். முதலில் சர்வீஸ் நிலையம், பிறகு பிளக்.

எலி, எறும்பு, இடி

செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் கூகைக்குக் கூண்டு வைத்திருப்பது எலிக்காகத்தான். அந்தக் கூகைக்குத் தப்பிய எலி சூடான எஞ்சின் மூடிக்கு அடியில் குடியேறும். 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் ஆரஞ்சு நிறத் தடித்த கேபிளைவிட, சென்சாருக்குப் போகும் மெல்லிய ஒயரைத்தான் அது முதலில் கடிக்கும். ஆரஞ்சு கேபிளின் தோலில் பல் பட்டாலோ வண்டி தானே காப்புத்தடையை அளந்து, குறைந்திருந்தால் கிளம்ப மறுக்கும். கடிபட்ட ஆரஞ்சு கேபிளை டேப் சுற்றுவது, தொட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து புழுக்கை, கொட்டைத் தோல், கடித்த பஞ்சு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோழித் தீவன மூட்டை, நாய்ச் சோற்றுத் தட்டு பக்கத்தில் நிறுத்தாதீர்கள். எலி கடித்த சேதம் உத்தரவாதத்தில் வராது. காப்புறுதிப் பத்திரத்தில் வருமா என்று புதுப்பிக்கும்போதே கேளுங்கள்.

வெளிச்சுவர் சாக்கெட்டுக்குள் எறும்பு கூடு வைக்கும். முனைகளுக்கு நடுவில் மண் சேர்ந்தால் மேலே சொன்ன அதே சூடு வரும். ஒயர் நுழையும் துளையை ரப்பர் வளையத்தால் அடையுங்கள்.

பருவம் மாறும் ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாத மாலைகளில் இடி விழாத வாரம் குறைவு. மெயின் பெட்டியில் இரண்டாம் வகை (டைப் 2) இடிமின் தடுப்புச் சாதனம் (எஸ்பிடி) ஒன்று மாட்டச் சொல்லுங்கள். அதுவும் எர்த் நன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். மாட்டியிருந்தாலும் மழை கருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. பத்து மணிச் சார்ஜ் என்று பழகிவிட்டால் இந்தக் கவலையே பாதி போகும்.

பட்டறைக்குப் போகுமுன்

ஏர்கோன் வேலைதான் நிறையப் பேர் ஏமாறும் இடம். இந்தக் காரின் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர்மின் மோட்டாரில் ஓடுகிறது. மோட்டாரின் சுருள் கம்ப்ரசர் எண்ணெயிலேயே குளித்துக்கொண்டிருக்கும். சாதாரணக் காருக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் மின்சாரத்தைக் கசியவிடும். மின்காப்புள்ள பிஓஇ வகை எண்ணெய்தான் ஊற்றவேண்டும். கடைக்காரர் பழைய குழாயில் மிஞ்சியிருந்த பிஏஜி கொஞ்சம் கலந்தாலே போதும், சில வாரத்தில் காப்புப் பழுது காட்டி வண்டி நிற்கும். பேட்டரியைக் குளிர்விப்பதும் பல மாடல்களில் இதே ஏர்கோனின் வாயுதான். ஆகவே ஏர்கோன் குளிரவில்லை என்றால் பேட்டரியும் வேகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடிக்கு அடியில் உள்ள ஒட்டுத்தாளில் வாயுவின் பெயரும் எண்ணெயின் வகையும் அச்சிட்டிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் புரியாமல் பார்த்தால் வேறு கடை.

12 வோல்ட் பேட்டரியை யாரும் நினைப்பதில்லை. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சின்னது செத்தால் வண்டி ரிமோட்டில் திறக்கக்கூட மாட்டாது. உயர்மின் இணைப்பை மூடும் ரிலேக்கு 12 வோல்ட் வேண்டும். மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர் 12 வோல்ட் பராமரிப்புச் சார்ஜர் மாட்டிவிட்டுப் போகலாம். பெரிய பேட்டரியைப் பாதியளவில் விட்டுச் செல்லுங்கள், நிறைத்தோ காலியாகவோ வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இதிலிருந்து ஜம்ப் கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேர ஓட்டம் கொடுங்கள். ஐந்து நிமிடம் எழுந்து அணையும் எஞ்சினில் எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும். சூடு ஏறினால்தான் அது ஆவியாகும். ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டரைப் பார்க்காமல் காலத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பிரேக் தட்டுக்கும் இதே கதை: மோட்டாரே பிடிப்பதால் தட்டு துருவேறும். ஆளில்லாத ரோட்டில் வாரம் ஒருமுறை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பிரேக் எண்ணெய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

கார் கழுவும் கடையில் எஞ்சின் அறைக்குள் அழுத்தத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்

முதல் நாள் இரவு விற்பவர் வீட்டில் முழுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். காலையில் மின்முறையில் எடுத்து, ஏர்கோன் போட்டு, எஞ்சின் எழும்வரை ஓட்டி, கிலோமீட்டரைக் குறியுங்கள். 45இ-க்கு 60 வரவேண்டும். 45-க்குக் கீழே என்றால் பேட்டரி அறிக்கை கேளுங்கள். பிறகு அதே காலிப் பேட்டரியோடு சார்ஜ் போட்டு, பத்து நிமிடம் நின்று பாருங்கள். தொடங்கி நின்றால் சார்ஜரோ சுவரோ என்று பிரித்தறிய இன்னொரு வீட்டிலும் போடவேண்டும். பேட்டரி உத்தரவாதம் பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். அது புது உரிமையாளருக்கு மாறுமா, சர்வீஸ் ஒன்று தவறியிருந்தால் செல்லுமா என்பதைக் காகிதத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லில் வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி என்றால் சார்ஜ் மூடியைத் திறந்து துளைகளை எண்ணுங்கள். மலேசியாவில் எல்லா இடத்திலும் இருப்பது 7 துளை உள்ள இரண்டாம் வகை (டைப் 2) இணைப்பு. 5 துளை இருந்தால் அது முதல் வகை (டைப் 1). பொதுச் சார்ஜரில் நேராகச் சொருகாது, மாற்றுக் கேபிள் வாங்கவேண்டும். அந்தக் கேபிள் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.